‘டிக்ளேர்’ என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கான பயணக் குறிப்புகளைச் சென்ற வாரம் தங்கள் இதழில் படித்தேன். விசா, காப்பீடு, பெட்டியின் எடை, கால் வீங்காமல் இருக்க விமானத்துக்குள் எழுந்து நடப்பது என்று பயனுள்ள விஷயங்கள் நிறைய இருந்தன. விமானத்தைவிட்டு இறங்கிய பிறகு சுங்கத்துறை மேசையில் என்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்வது என்பது மட்டும் அதில் இல்லை. பெரியவர்கள் கலங்கி நிற்பது அந்த இடத்தில்தான். அதைத் தினமும் பார்ப்பவள் என்பதால் எழுதுகிறேன்.

ஆங்கிலம் பேசும் நாடு ஒன்றின் விமான நிலையத்தில் 11 ஆண்டுகளாகச் சக்கர நாற்காலி தள்ளும் வேலை செய்கிறேன். விமானத்தின் வாசலில் பயணியை ஏற்றிக்கொண்டு, இமிக்ரேஷன், பெட்டி எடுக்கும் இடம், சுங்கம் எல்லாவற்றையும் தாண்டி வெளியே உறவினர் கையில் ஒப்படைப்பதுவரை என் பொறுப்பு. நான் அழைத்துப்போகும் தமிழ்ப் பெரியவர்களில் பலர் நன்றாக நடக்கக்கூடியவர்கள். “நடக்க முடியும்மா, மொழி தெரியாதேன்னு பையன் வீல்சேர் போட்டுட்டான்” என்பார்கள். பிள்ளைகள் செய்ததில் தவறில்லை. ஆனால் ஒன்றை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். சுங்க அதிகாரி கேள்வி கேட்கும்போது பயணிக்காகப் பதில் சொல்ல எனக்கு அனுமதி கிடையாது. அதிகாரியே என்னைப் பார்த்து “மொழிபெயர்க்க முடியுமா” என்று கேட்டால்தான் வாய் திறக்கலாம். அதுவரை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பேன். தவறான பதில் வருவது காதில் விழும். திருத்த முடியாது.

அப்படி நின்ற ஒரு நாளை மறக்க முடியவில்லை. எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. முதல் பயணம். விமானத்தில் கொடுத்த அறிவிப்புப் படிவத்தைப் பக்கத்து இருக்கைக்காரர் நிரப்பிக் கொடுத்திருந்தார். எல்லாக் கேள்விக்கும் ‘நோ’ கட்டத்தில் டிக். கீழே அந்த அம்மாவின் கையெழுத்து. அதிகாரி அன்பாகத்தான் கேட்டார்: “எனி ஃபுட், பிளான்ட்ஸ் ஆர் சீட்ஸ்?” அம்மா சிரித்துக்கொண்டே “நோ, நோ ஃபுட்” என்றார். பெட்டி எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போனது, வெளியே வந்தது, திறக்கச் சொன்னார்கள். புடவைகளுக்கு நடுவே ஒரு கைக்குட்டை முடிச்சு. அதற்குள் நான்கைந்து வகை விதைகள், தனித்தனிக் காகிதத்தில் மடித்து, ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் பெயர் எழுதியிருந்தது. மகள் வீட்டுத் தோட்டத்தில் போட.

அப்போதுதான் அதிகாரி என்னைக் கேட்கச் சொன்னார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஃபுட்டுன்னா சாப்பாடுன்னுதானே கண்ணு நெனச்சேன். பிளேன்ல அந்தப் பொண்ணு ஃபுட்டு ஃபுட்டுன்னுதானே சாப்பாட்டைக் கொடுத்துச்சு. நான் சாப்பாடு எதுவும் கட்டிட்டு வரலியே” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே ‘ஃபுட்’ தட்டில் வரும் சாப்பாடு. ‘சீட்ஸ்’ என்பது உட்காரும் இருக்கை என்று நினைத்திருக்கிறார். விதைகளை எடுத்துக்கொண்டார்கள், அபராதச் சீட்டும் எழுதினார்கள். படிவத்தில் ‘யெஸ்’ என்று டிக் செய்திருந்தால் விதைகள் மட்டும்தான் போயிருக்கும்.

இந்த இடத்தில்தான் ‘டிக்ளேர்’ என்ற சொல் வருகிறது. “எனிதிங் டு டிக்ளேர்?” என்று கேட்டால், “கணக்கில் காட்ட வேண்டிய பொருள் ஏதாவது வைத்திருக்கிறீர்களா?” என்று பொருள். நம் பெரியவர்களுக்கு இது குற்றச்சாட்டு மாதிரி கேட்கிறது. ‘யெஸ்’ என்றால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து ‘நோ’ என்கிறார்கள். நடப்பது நேர்மாறாக இருக்கிறது. ‘யெஸ், ஐ ஹாவ் சம் ஃபுட். ப்ளீஸ் செக்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டால், அதிகாரி பார்ப்பார். அனுமதிக்கப்பட்டதென்றால் திருப்பித் தருவார், இல்லையென்றால் அந்தப் பொருளை எடுத்துக்கொள்வார். அபராதம் வருவது சொல்லாமல் விட்டதற்கு. நியூசிலாந்தில் அப்படிச் சொல்லாமல் விட்டால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் கட்ட வேண்டியிருக்கும். ஆஸ்திரேலியாவில் 2019 முதல் இதற்காகச் சுற்றுலா விசாவையே ரத்து செய்து திருப்பி அனுப்பவும் முடியும். சந்தேகமாக இருக்கிறதா, ‘ஐ ஆம் நாட் ஷ்யூர். ப்ளீஸ் செக்’ என்று சொல்லுங்கள். நிச்சயமாகத் தெரியவில்லை, நீங்களே பாருங்கள் என்று பொருள். இந்த ஒரு வாக்கியம் தெரிந்திருந்தால் அந்த அம்மாவுக்கு அபராதம் வந்திருக்காது.

இமிக்ரேஷனும் கஸ்டம்ஸும் வேறு வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் வருவது இமிக்ரேஷன். அங்கே ஆளைப் பற்றிக் கேட்பார்கள்: ஏன் வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குவீர்கள். கஸ்டம்ஸ் என்பது சுங்கம், அங்கே கேள்வி பெட்டியைப் பற்றியது. பெட்டியை எடுத்தபின் சிவப்பு, பச்சை என்று இரண்டு வழிகள் பல நாடுகளில் இருக்கும். ‘நத்திங் டு டிக்ளேர்’ என்று எழுதிய பச்சை வழியில் நடந்தாலே, என்னிடம் எதுவும் இல்லை என்று வாக்குமூலம் கொடுத்ததாகத்தான் அர்த்தம். முன்னால் போகிறவர் பின்னாலேயே போகக் கூடாது. பலகையைப் படித்துவிட்டுப் போக வேண்டும்.

அடுத்தது ‘யெஸ்’, ‘நோ’. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவர்களே தடுக்கி விழும் இடம் இது. “உங்களிடம் மருந்து எதுவும் இல்லையே?” என்று தமிழில் கேட்டால் “ஆமாம், இல்லை” என்போம். கேட்டவர் சொன்னது சரி என்பதால் ‘ஆமாம்’. ஆங்கிலத்தில் அது செல்லாது. “யூ டோன்ட் ஹாவ் எனி மெடிசின்ஸ்?” என்று கேட்டால், இல்லாதபோது ‘நோ’ என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு பெரியவர் நம் வழக்கப்படி “யெஸ்” என்றார். “வேர் இஸ் இட்?” என்றார் அதிகாரி. “நோ, நோ” என்றார் இவர். அதிகாரியின் கண்ணுக்கு இது பேச்சை மாற்றுவதாகத் தெரிகிறது. இரண்டு பெட்டிகளையும் கொட்டி, கால்சட்டைப் பைகள்வரை தேடி, ஒன்றும் இல்லையென்று தெரிய அரை மணி நேரம் ஆனது. அந்தப் பெரியவரின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. ஆகவே ‘யெஸ்’, ‘நோ’ என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், ‘யெஸ், ஐ ஹாவ்’ அல்லது ‘நோ, ஐ டோன்ட் ஹாவ்’ என்று முழுதாகச் சொல்லப் பழகுங்கள். இலக்கணம் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் பொருள் பிசகாது.

நாம் தினமும் புழங்கும் ஆங்கிலச் சொற்களே அங்கே காலை வாரிவிடுவதும் உண்டு. ‘ட்யூட்டி’ என்றால் நமக்கு வேலை. சுங்கத்தில் அது வரி. “யூ மே ஹாவ் டு பே ட்யூட்டி ஆன் திஸ்” என்று ஒரு பொருளைக் காட்டிச் சொன்னால், இதற்கு வரி கட்ட வேண்டியிருக்கலாம் என்று பொருள். ‘ட்யூட்டி’ என்ற சொல் காதில் விழுந்ததும் “யெஸ், ட்யூட்டி, ட்யூட்டி” என்று தலையாட்டினார் ஒருவர். பிள்ளையைப் பார்க்கச் சுற்றுலா விசாவில் வந்தவர் வேலை என்று சொல்லிவிட்டால் கதையே வேறாகிவிடும். நல்லவேளையாக அந்த அதிகாரி பொறுமைசாலி.

‘டேப்லட்’ என்றால் நமக்கு மாத்திரை, அவர்களுக்குக் கையடக்கக் கணினியும்கூட. புறப்படும்போது பாதுகாப்புச் சோதனையில் “டேப்லட்ஸ் அவுட்” என்றதும் மாத்திரை அட்டைகளை எல்லாம் தட்டில் அடுக்கிவைப்பவர்களை வாரம் ஒரு தடவையாவது பார்க்கிறேன். ‘மெடிசின்’ என்றே சொல்லுங்கள். ‘ஈட்டபிள்ஸ்’ என்றால் பலருக்குப் புரிவதில்லை, ‘ஃபுட்’ போதும். ‘ஜெராக்ஸ்’ என்பதைவிட ‘காப்பி’ நல்லது. ‘லட்சம்’ என்ற கணக்கு அங்கே கிடையாது, ஆயிரத்தில் சொல்ல வேண்டும். ‘பில்’ என்று கேட்க மாட்டார்கள், ‘ரிசீட்’ என்பார்கள். நம் ரசீது மாதிரியே ஒலிப்பதால் நினைவில் நிற்கும். “ஹவ் மச் இஸ் இட் வர்த்?” என்றால் இதன் மதிப்பு எவ்வளவு என்று கேட்கிறார்கள். விலைக்குக் கேட்கிறார்கள் என்று நினைத்து “நாட் ஃபார் சேல்” என்ற ஒருவரை எனக்குத் தெரியும்.

உணவுப் பொருள் விஷயத்தில் அதிகாரிகள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி. “இஸ் இட் ஹோம்மேட்?” – வீட்டில் செய்ததா. “இஸ் தேர் எனி மீட், எக் ஆர் மில்க் இன் இட்?” – இறைச்சி, முட்டை, பால் கலந்திருக்கிறதா. “ரா ஆர் குக்ட்?” – பச்சையா, சமைத்ததா. ‘ட்ரைட்’ என்றால் உலர்த்தியது, ‘ஃப்ரைட்’ என்றால் பொரித்தது, ‘ரோஸ்டட்’ என்றால் வறுத்தது. வீட்டில் அரைத்த பொடியைக் காட்டி ‘பவுடர், பவுடர்’ என்று மட்டும் சொன்னால் அதிகாரிக்கு வேறு எண்ணம்தான் வரும். ‘ஸ்பைஸ் பவுடர், ஃபார் குக்கிங்’ என்றால் விஷயம் முடிந்தது. அதைவிட நல்லது, ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் உள்ளே என்ன இருக்கிறதென்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டிவிடுவது. பிள்ளைகள் பத்து நிமிடத்தில் செய்யலாம்.

மருந்துக்கு இரண்டு வாக்கியம் போதும். ‘திஸ் இஸ் மை மெடிசின். ஐ ஹாவ் எ ப்ரிஸ்கிரிப்ஷன்.’ மருத்துவர் எழுதிய சீட்டு தெளிவாக, மருந்தின் வணிகப் பெயரோடு வேதிப் பெயரும் சேர்ந்து இருக்கட்டும். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டிக்கொண்டு வராதீர்கள். சில இருமல் மருந்துகளில் இருக்கும் கோடீன் பல நாடுகளில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்பது நம்மில் பலருக்குத் தெரியவே தெரியாது.

பணத்தைப் பற்றியும் பயம் அதிகம். அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கமாக இருந்தால் அறிவிக்க வேண்டும். ஒரே குடும்பமாக ஒரே படிவம் கொடுத்தால் எல்லோர் கையில் இருப்பதையும் கூட்டித்தான் கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும்போது 10,000 யூரோ இருந்தாலே சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் அந்த நாடுகளுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், அதற்கு வரியும் கிடையாது. மறைத்தால்தான் பணத்தையே பறிமுதல் செய்வார்கள். கழுத்தில், கையில் இருக்கும் நகையைக் கேட்டால், ‘தீஸ் ஆர் மைன். ஐ வில் டேக் தெம் பேக்’ என்று சொல்லலாம். என்னுடையவை, திரும்பக் கொண்டுபோவேன் என்று பொருள்.

இனி, “டிட் யூ பேக் திஸ் பேக் யுவர்செல்ஃப்?” என்ற கேள்வி. இந்தப் பெட்டியை நீங்களேதான் அடுக்கினீர்களா? நம் அம்மாக்கள் உண்மையைச் சொல்கிறார்கள்: “மை சன்.” பிறகு பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டி “வாட் இஸ் திஸ்?” என்றால் அவர்களுக்கே தெரிவதில்லை. மருமகளுக்கு, அவள் தோழிக்கு, தோழியின் மாமியாருக்கு என்று யார் யாரோ கொடுத்ததெல்லாம் உள்ளே இருக்கும். எனக்கு இதில் பிள்ளைகள்மேல் கோபமே வருகிறது. பெட்டியில் இருப்பதற்கெல்லாம் அந்த அம்மாதான் பொறுப்பு, சட்டம் அப்படித்தான் பார்க்கிறது. அவர் கண் முன்னால் அடுக்குங்கள். இது இன்னது, ஆங்கிலத்தில் இப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு பொருளையும் கையில் கொடுத்துச் சொல்லுங்கள். மூடி ஒட்டிய பொட்டலத்தை யார் கொடுத்தாலும், எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், பிரித்துப் பார்க்காமல் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான வாக்கியத்தைக் கடைசியில் சொல்கிறேன். ‘டமில் இன்டர்ப்ரெட்டர், ப்ளீஸ்.’ தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பொருள். ‘தமிழ்’ என்று அழகாகச் சொன்னால் அவர்கள் காதில் ஏறுவதில்லை, அதனால் ‘டமில்’ என்றே சொல்லுங்கள். சில சமயம் இந்தி தெரிந்தவரை அழைத்துவந்து நிறுத்துவார்கள். ‘நாட் ஹிந்தி. டமில்’ என்று இன்னொரு முறை சொல்ல வேண்டும். பெரும்பாலும் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார்கள். கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும், காத்திருக்கலாம். புரியாமல் தலையாட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். அதுவரை ‘ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட். ஸ்லோலி, ப்ளீஸ்’ என்பது போதும். புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டே பலர் ‘யெஸ், யெஸ்’ என்று ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். ஐம்பது வருடம் குடும்பத்தை நடத்திய மனிதர்கள் அந்த மேசை முன்னால் சின்னப் பிள்ளை மாதிரி ஒடுங்கி நிற்பதைப் பார்க்க எனக்கு மனசு ஆறுவதில்லை.

அமெரிக்கா போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். அந்த நாட்டில் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே பொதுவாகப் பெட்டியை எடுத்துச் சுங்கத்தைத் தாண்ட வேண்டும். கடைசி ஊர்வரைக்கும் டேக் போட்டிருந்தாலும் அப்படித்தான். பெட்டி தானாக வந்துவிடும் என்று அடுத்த விமானத்தைத் தேடிப் போய்விடாதீர்கள். ‘வேர் டு ஐ ரீசெக் மை பேக்?’ என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் ஒருவர் அதிகாரியாக உட்கார்ந்து, இந்தக் கேள்விகளைக் கேட்டு, பெரியவர்களைப் பதில் சொல்ல வையுங்கள். பேரப் பிள்ளைகள் தொலைபேசியிலேயே செய்யலாம். போன மாதம் நான் அழைத்துவந்த ஒரு தாத்தா, அதிகாரி கேட்டு முடிக்கும் முன்பே “ஐ ஹாவ் ஃபுட், ஐ ஹாவ் மெடிசின், ப்ளீஸ் செக்” என்று ஒரே மூச்சில் ஒப்பித்தார். பேத்தி தினமும் இரவு கேட்டுப் பழக்கினாளாம். நான்கு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

ஆசிரியர் அவர்களே, இதில் தேவையான வாக்கியங்களை மட்டும் எடுத்து, ஆங்கில ஒலியைத் தமிழ் எழுத்திலும் பொருளைப் பக்கத்திலும் வைத்து, ஒரு சின்னக் கட்டமாக வெளியிட முடியுமா? வெட்டி எடுத்துப் பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்துக்கொள்ளும் அளவு இருந்தால் போதும். எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும். அந்த மேசைக்கு வரும்போது பெரியவர்களின் கண்ணாடி பெரும்பாலும் பெட்டியின் அடியில்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளும் உங்கள் வாசகி